தாய்மாமன் மடி

காதுல மாட்டியிருந்ததக் கழட்டிட்டீகளா தம்பி? நல்லது. நான் பேசுனா சத்தமாத்தான் இருக்கும், கோவிச்சுக்கிராதீக. தொழில் அப்படி. அருப்புக்கோட்டையில சங்கையா சவுண்ட் சர்வீஸ்னு கேட்டா யாரும் கை காட்டுவாக. நான்தான் அந்தச் சங்கையா. மைக்செட்டு, சீரியல் லைட்டு, சாமியானாப் பந்தல். இருபத்தெட்டு வருசமா குழாய் ஸ்பீக்கருக்குக் கீழ நின்னு நின்னு வலது காது பாதிதான் கேக்கும். பஸ்ஸுல நீங்க இடது பக்கமா உக்காந்துருக்கீக, பேசத் தோதாப் போச்சு.

மதுரையில தங்கச்சி வீட்டுக்குப் போயிட்டு வர்றேன். கூடப் பெறந்தது அவ ஒருத்திதான். முத்துக்கனின்னு பேரு, கனின்னு கூப்புடுவேன். ஒண்ணே முக்கால் வருசத்துக்கு அப்புறம் இன்னைக்குத்தான் அவ மொகத்தப் பாத்தேன். அதுவரைக்கும் போன் போட்டா எடுக்க மாட்டா. பொங்கலுக்குச் சீர் கொண்டு போனேன், கதவத் தொறக்கல. எதுக்குங்கிறீக? மொட்டைக்கு. சிரிக்காதீக தம்பி, நெசமாத்தான். பிள்ளைக்கு மொட்டை போட்டதுக்கு.

நீங்களே சொல்லுங்க. உங்களுக்குப் போட்டாகளா இல்லையா? யாரு மடியில வச்சுப் போட்டாக? தாய்மாமன் மடியில. அழுதிருப்பீக. இப்ப ஞாபகம் இருக்கா? இல்லைல. அம்புட்டுத்தான் விசயம். இத எந்தப் பஞ்சாயத்துல வேணாலும் போய்ச் சொல்லுங்க, என் பக்கம்தான் பேசுவாக. நான் என்ன குத்தம் பண்ணிட்டேன்?

இல்ல, மொதல்ல இருந்து சொல்றேன். அப்பத்தான் உங்களுக்கு வெளங்கும்.

எங்க அப்பா போனப்ப எனக்குப் பதினெட்டு, அவளுக்கு ஏழு. அம்மா அதுக்கு முன்னாடியே போயிட்டாக. சோறு பொங்கிக் குடுத்து, பள்ளிக்கூடம் அனுப்பி, எல்லாம் நான்தான். சடை பின்னி விடுவேன் தம்பி. ஒண்ணு மேல நிக்கும், ஒண்ணு கீழ தொங்கும். அவளும் அப்படியே போயிருவா, ஒண்ணும் சொல்ல மாட்டா. அப்ப நான் ஒரு மைக்செட்காரர்கிட்ட வேலைக்கு இருந்தேன். விசேசத்துக்குப் போறப்ப அவளையும் கூட்டிட்டுப் போகணும், வீட்டுல யாரு இருக்கா? குழாயில பாட்டு ஆரம்பிச்சதும் ரெண்டு காதையும் பொத்திக்கிட்டு எங்கிட்டாவது அரிசி மூட்டைக்குப் பின்னால போய் உக்காந்துக்குவா. நான் விட மாட்டேன். இழுத்துட்டு வந்து குழாய்க்கு நேர் அடியில நிக்க வைப்பேன். பயம் தெளியணும்ல. நாலஞ்சு தடவை நிக்க வச்சேன், அப்புறம் ஓடுறதே இல்ல. சொன்ன எடத்துல நிப்பா. பழகிட்டா.

அவளைக் கட்டிக் குடுத்தது மதுரையில. மாப்பிள்ளை பேரு ரவீந்திரன், ஒரு கம்பெனியில ஸ்டோர் கீப்பர். வாயில்லாத மனுசன். ஆறு வருசம் கழிச்சு ஒரு பொம்பளப் பிள்ளை. பிரகதின்னு பேரு வச்சாக. எனக்குப் பிள்ளை குட்டி கெடையாது தம்பி. எனக்கும் சேத்துத்தான் அது பெறந்துச்சு.

பிள்ளை கொஞ்சம் மெதுவு. ஒண்ணே முக்கால் வயசுலதான் நடந்துச்சு. நடந்தா விழும். செவுத்துல இடிக்கும், கதவு நிலையில இடிக்கும், ஒண்ணுமே இல்லாத தரையில விழும். நாலு வயசுல ரெண்டு காலையும் சேத்துக் குதிக்கத் தெரியாது. சட்டைப் பட்டன் போட வராது. டம்ளரப் பிடிச்சா பாதி வாய்க்குள்ள, பாதி நெஞ்சு மேல. முழங்கால்ல ரத்தம் வடியும், அது பாட்டுக்கு வெளையாடிட்டு இருக்கும், வலிக்குதான்னு கேட்டா எங்கன்னு கேக்கும். ஆனா சட்டைக் கழுத்துல ஒரு சின்ன லேபிள் இருக்கும்ல, கம்பெனிப் பேரு போட்டது? அது பட்டுச்சுன்னா வீடே இடிஞ்ச மாதிரி அழுகும். மிக்ஸி போட்டா அழுகை, குக்கர் விசில் அடிச்சா அழுகை. தலை சீவுறதுக்குக் கனி ஒரு மணி நேரம் கெஞ்சுவா. தலையில எண்ணெய்க் கை பட்டாப் போதும், ஓடும், ஓடி விழும்.

பள்ளிக்கூடத்துல பிடிவாதம்னு சொன்னாக. மாப்பிள்ளை வீட்டுப் பக்கம், கனி செல்லம் குடுத்துக் கெடுத்து வச்சிருக்கான்னு சொன்னாக. நானும் சொல்லியிருக்கேன், இல்லைங்கல.

அப்புறம் யாரோ சொல்லி ஒரு தெரபி சென்டருக்குக் கூட்டிட்டுப் போனாக. கூட்டிட்டுப் போனதே நான்தான், என் வண்டியிலதான். அங்க ஒரு மேடம், சின்ன வயசுதான். பொறுமையா எல்லாத்தையும் பாத்தாக. ஊஞ்சல்ல வச்சுப் பாத்தாக, மணல்ல கைய வைக்கச் சொன்னாக, ஒத்தைக் கால்ல நிக்கச் சொன்னாக. பாத்துட்டு எங்ககிட்டச் சொன்னாக. இது பிடிவாதமும் இல்ல, சோம்பேறித்தனமும் இல்ல. பிள்ளைக்குத் தன் கை எங்க இருக்கு, கால் எங்க இருக்குங்கிற சேதியே மூளைக்குச் சரியாப் போய்ச் சேர மாட்டேங்குது, அதான் விழுது. வெளிய இருந்து வர்ற சத்தம், தொடுறது, இதெல்லாம் சிலது ரொம்பக் கூடுதலாப் போகுது, சிலது போறதே இல்ல. அப்படின்னாக.

கனி முழிச்சா. எனக்கு உடனே புரிஞ்சு போச்சு தம்பி. "மேடம், மைக்செட்டு மிக்சர்ல நாலு திருகு முழுசாத் திருகி வச்சு, நாலு திருகு சுத்தமா மூடி வச்ச மாதிரியா?"ன்னேன். அந்த மேடம் அப்படியே சந்தோசப்பட்டுப் போனாக. "இத்தனை வருசத்துல யாரும் இவ்வளவு அழகாச் சொன்னதில்ல சார்"னாக. என்னை சார்னாக! பயிற்சி குடுத்தா கொஞ்சம் கொஞ்சமாத் தேறும், ஆனா வீட்டுல எல்லாரும் ஒண்ணு செய்யணும்னாக. தொடுறதுக்கு முன்னால பிள்ளைகிட்டச் சொல்லணும். பின்னாலருந்து திடீர்னு பிடிக்கக் கூடாது. என்ன நடக்கப் போகுதுன்னு அதுக்கு முன்கூட்டியே தெரியணும். நான் தலைய ஆட்டுனேன். எல்லாரையும் விட நான்தான் நல்லாக் கேட்டுக்கிட்டேன்.

இன்னொண்ணு சொல்லணும் உங்ககிட்ட. யார்கிட்டயும் போகாத பிள்ளை என்கிட்ட வரும். லீவுக்கு அருப்புக்கோட்டை வந்தா என் கடையிலதான் கெடக்கும். பெரிய பாக்ஸ் இருக்கும்ல, ஸ்பீக்கரக் கழட்டிட்டு வெறும் மரப்பெட்டி, அதுக்குள்ள போய்க் காலக் குறுக்கிக்கிட்டு உக்காந்துக்கும். இடுக்கமா இருந்தா அதுக்குப் பிடிக்கும். ஒரு மணி நேரம் சத்தமே இருக்காது. நான் கீழ உக்காந்து ஒயர்ல ஈயம் பத்த வச்சுட்டு இருப்பேன். திடீர்னு வெளிய வரும், வந்து என் முதுகுல தன் முதுக வச்சு அழுத்திக்கிட்டு நிக்கும். நான் திரும்ப மாட்டேன். திரும்புனாப் போயிரும். அப்படியே நிக்கும். அதுவா வரும், அதுவாப் போகும். அந்த மாதிரி யார் முதுகுலயும் அது சாஞ்சதில்ல தம்பி, பெத்த அப்பன் முதுகுல கூட.

சரி, மொட்டைக்கு வர்றேன்.

மொத மொட்டை ஒரு வயசுல போட்டிருக்கணும். மாப்பிள்ளை வீட்டுக் குலசாமி கோயில் திருச்சுழிப் பக்கம். அங்க பங்காளிகளுக்குள்ள மொத மரியாதை யாருக்குன்னு சண்டை வந்து, கோயிலப் பூட்டிட்டாக. நாலு வருசம் பூட்டியே கெடந்துச்சு. பிள்ளைக்கு அஞ்சு வயசாகுறப்பத்தான் ஒத்துமையாகித் தொறந்தாக. தொறந்ததும் மொத விசேசம் இதுதான். எப்படி இருக்கணும்? தாய்மாமன் நான். எத்தனை வருசமா காத்துட்டு இருக்கேன்!

கனி போன் போட்டா. "அண்ணே, உன்கிட்ட ஒண்ணு கேக்கணும். குழாய் கட்டாத. பட்டுப் பாவாடை எடுக்காத, ஜரிகை அவளுக்கு ஆகாது. மொட்டையும் வேணாம். பூமுடி போதும்னு அவுகப்பாகிட்டப் பேசிட்டேன். மூணு எடத்துல கத்திரியால முடி வெட்டிச் சாமிக்குக் குடுத்துட்டு வந்துருவோம். காது குத்துறதுக்கு அவ பெரியவளானப்புறம் அவகிட்டயே கேட்டுக்கிருவோம்"ன்னா. நான் சரித்தான்னேன். "சத்தியம் பண்ணு"ன்னா. பண்ணேன்.

ஒரு மாசம் கனி பிள்ளையத் தயார் பண்ணிருக்கா. ஒரு பொம்மைய வச்சு, கத்திரியக் காட்டி, இப்படித்தான் வெட்டுவாக, மூணே மூணு வெட்டு, மாமா மடியில உக்காந்துருக்கணும், மாமா உன்னப் பிடிக்க மாட்டாக, நீ எண்ணிக்கிட்டே இருன்னு சொல்லிக் குடுத்துருக்கா. பிள்ளையும் பொம்மைய மடியில வச்சு ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு எண்ணி வெட்டி வெட்டிப் பழகியிருக்கு. பொம்மைத் தலையில முடியே இல்லாமப் போச்சாம்.

சொன்ன சொல்ல நான் காப்பாத்துனேன் தம்பி. பட்டு எடுக்கல. பருத்தியிலதான் பாவாடை எடுத்தேன். லேபிள நானே பிளேடு வச்சு எடுத்தேன், பாத்துக்கங்க. குழாயும் கட்டல. பாக்ஸ் மட்டும்தான் வச்சேன். ரெண்டே ரெண்டு பாக்ஸு. வைக்காம எப்படி? சவுண்ட் சர்வீஸ்காரன் மருமக விசேசத்துல பாட்டுச் சத்தம் இல்லைன்னா, எனக்கு நாளப் பின்ன எவன் ஆர்டர் குடுப்பான்?

சனம் எக்கச்சக்கம். சீர்த்தட்டு இருபத்தொண்ணு கொண்டு போனேன். மாலை, தங்கத் தோடு, எல்லாம். காது குத்துற ஆசாரிக்கும் சொல்லி வச்சிருந்தேன், ஒரு வேளை கனி மனசு மாறுனா கைவசம் ஆள் இருக்கட்டும்னு. மாப்பிள்ளையோட பெரியப்பா ஒருத்தர், பெரிய மீசை, அவர் வந்து எல்லாரு முன்னாலயும் கேக்காரு. "மூணு முடிய வெட்டிட்டுப் போறதுக்கா நாலு வருசம் சாமி காத்துக் கெடந்துச்சு? தாய்மாமனுக்கு மடி இல்லையா, இல்ல தைரியம் இல்லையா?"ன்னாரு. நாலு பேரு சிரிச்சாக. மாப்பிள்ளை தரையப் பாத்துட்டு நின்னாரு. எனக்கு எப்படி இருக்கும் சொல்லுங்க.

கனி அந்தப் பக்கம் பொங்கப் பானைக்கிட்ட நிக்கா. பொங்குற நேரம், விட்டுட்டு வர முடியாது. பிள்ளை மாப்பிள்ளை கையப் பிடிச்சுக்கிட்டு, காதுல பஞ்சு வச்சுக்கிட்டு நிக்குது. நான் நெனச்சேன், ரெண்டு நிமிச வேலை. கனி பாத்தா அழுவா, அவ அழுதாப் பிள்ளை அழும். அவ பானையப் பாத்துட்டு இருக்கப்பவே மொட்டைய முடிச்சுட்டா எல்லாருக்கும் நிம்மதி. தங்கச்சிக்கு நல்லதுன்னுதான் நெனச்சேன் தம்பி. இந்த எடத்துலதான் யாரும் என்னப் புரிஞ்சுக்க மாட்டேங்குறாக.

"வா தாயி, மாமா மடியில உக்காரு"ன்னேன். வந்துச்சு. தானாத்தான் வந்து உக்காந்துச்சு. கத்திரி எங்கன்னு கேட்டுச்சு. வரும் தாயின்னேன். முடி எடுக்குறவரு தலையில தண்ணியத் தெளிச்சாரு. பச்சைத் தண்ணி. பிள்ளை விலுக்குன்னு துள்ளுச்சு. கத்தி பட்டுரக் கூடாதுல்ல? அதனால நான் ரெண்டு காலையும் என் காலுக்கு நடுவுல இடுக்கிக்கிட்டேன். ரெண்டு கையையும் சேத்துப் பிடிச்சேன். தலைய மீசைக்காரரு பிடிச்சுக்கிட்டாரு. பாக்ஸ்ல பாட்டு ஓடிட்டு இருக்கு.

கத்தி வச்சதும் எண்ண ஆரம்பிச்சுச்சு. ஒண்ணு, ரெண்டு, மூணு. மூணு வந்ததும், "மாமா"ன்னு சொல்லி என்னப் பாக்கத் திரும்புச்சு. தலையத் திருப்ப விடல. மறுபடி ஒண்ணுல இருந்து எண்ணுச்சு. மூணு வந்ததும் மறுபடி "மாமா"ன்னுச்சு. மறுபடி ஒண்ணு. கணக்குல கெட்டிக்காரப் பிள்ளை, அந்த வயசுல அப்படித் தப்பில்லாம எண்ணும். எத்தனை வாட்டி எண்ணுச்சுன்னு எனக்குத் தெரியல. அப்புறம் எண்ணுறத நிறுத்திருச்சு. துள்றதும் நின்னு போச்சு. துணி மாதிரி மடியில கெடந்துச்சு. பாத்தீகளா, அடங்கிருச்சுன்னு மீசைக்காரரு சொன்னாரு. ஒரு சொட்டுக் கண்ணீர் வரல தம்பி. அழவே இல்ல. இத நான் எல்லாருகிட்டயும் சொல்றேன், அழவே இல்ல!

மடி ஈரமாச்சு. புது வேட்டி. தாய்மாமன் மடிய நனைச்சா ராசின்னு சொல்லிச் சிரிச்சாக. நானும் சிரிச்சேன்.

அந்தச் சூட்டோட ஆசாரி ஒரு காதையும் குத்திட்டாரு. இன்னொரு காதக் குத்துறதுக்குள்ள கனி வந்துட்டா.

அவ கத்துவான்னு பாத்தேன். கத்தல. என் கையில இருந்து பிள்ளைய எடுத்தா. தன் சேலை முந்தானையில இறுக்கிச் சுத்துனா. சுத்திக்கிட்டு வண்டிக்கு அந்தப் பக்கம் போய், சக்கரத்துல சாஞ்சு தரையில உக்காந்துட்டா. நான் பின்னாலயே போனேன். "ஏத்தா, அழவே இல்ல பாரு, இதுக்குப் போய் இப்படிப் பண்ற"ன்னேன். "அழுதிருந்தா நல்லாருக்கும்ணே"ன்னா. அவ்வளவுதான். நான் சொன்னேன், "ஆரம்பத்துல அப்படித்தான் இருக்கும். நீயும் குழாய்ச் சத்தத்துக்கு ஓடுனவதான். நான் கொண்டாந்து நிக்க வச்சேன், பழகிட்டேல்ல?"

அப்பத்தான் என் மொகத்தப் பாத்தா. "பழகலண்ணே. சொல்றத நிறுத்திட்டேன்"ன்னா.

என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தாத்தான எனக்குத் தெரியும்? நான் என்ன மந்திரவாதியா? நீங்களே சொல்லுங்க.

அன்னைக்குப் போனவதான். அதுக்கப்புறம் எல்லாம் மாப்பிள்ளை சொல்லித்தான் எனக்குத் தெரியும். பிள்ளை நாலு மாசம் பேசலையாம். மாடிப்படி ஏறக் கத்திருந்துச்சு, அதையும் விட்டுட்டு மறுபடி உக்காந்து உக்காந்து எறங்குச்சாம். தலையில யாரு கையும் படக் கூடாது, தொப்பியப் போட்டுக்கிட்டே தூங்குமாம். அந்த மேடம் மறுபடி ஆரம்பத்துல இருந்து ஆரம்பிச்சாகளாம். ஊஞ்சல், மணலு, தலகாணிய வச்சு அழுத்தி விடுறது. ஒரு மொட்டையில இவ்வளவா ஆகும்னு எனக்கு இன்னமும் நம்பிக்கை இல்ல. ஏற்கெனவே இருந்த நோவு, நம்ம தலையில வந்து விழுந்துருச்சு.

ஆனா ஒண்ணு சொல்றேன். கடையில அந்த வெறும் பெட்டி கெடக்கு. ஸ்பீக்கர மாட்டி விடச் சொல்லிப் பசங்க கேக்காங்க. நான் மாட்டல.

போன வாரம் மாப்பிள்ளை போன் போட்டாரு. "மச்சான், கனி உங்கள வரச் சொல்றா. ஒரு தடவை வந்து பாத்துட்டுப் போகட்டும்ங்கிறா. சத்தமாப் பேசக் கூடாது. பாப்பாவத் தொடக் கூடாது. கூப்புடவும் கூடாது. அவளா வந்தா வரட்டும், இல்லைன்னா காபியக் குடிச்சுட்டுக் கெளம்பிரணும்"னாரு. சொந்த மருமகளப் பாக்க எனக்குச் சட்டம் போடுறாக. இருந்தாலும் சரின்னேன் தம்பி. ஒரு வாரம் கடையில மெதுவாப் பேசிப் பழகுனேன். பசங்க என்னண்ணே தொண்டை கட்டிருச்சான்னு கேட்டானுக.

இன்னைக்குக் காலையில போனேன். கனி எளச்சுப் போயிருக்கா. வாண்ணேன்னா, தண்ணி குடுத்தா. பிரம்பு நாற்காலியில உக்காந்தேன். கடை எப்படிப் போகுதுன்னா. போகுதுன்னேன். மெதுவாத்தான் சொன்னேன்.

உள் ரூம்ல இருந்து பிள்ளை வந்து நிலைக்கிட்ட நின்னுச்சு. ஏழு வயசாச்சு. வளந்துருச்சு. முடி தோள் வரைக்கும் இருக்கு. அதுவே சீவிக்கிருமாம், வகிடு கோணலா இருக்கு. என்னையே பாத்துச்சு. நான் கூப்புடல தம்பி. சத்தியமாக் கூப்புடல. கையக் கூட அசைக்கல, மூச்சப் பிடிச்சுக்கிட்டு உக்காந்துருக்கேன். கனி சுவத்தோரமா நிக்கா, அவளும் அசையல.

பிள்ளை ஒவ்வொரு எட்டா எடுத்து வச்சு வந்துச்சு. என் முன்னால வந்து நின்னுச்சு. திரும்புச்சு. மெதுவா என் மடியில உக்காந்துச்சு.

எனக்கு எப்படி இருந்துச்சுன்னு சொல்லத் தெரியல. கனியத்தான் நிமிந்து பாத்தேன், பாத்தியான்னு. ஒண்ணே முக்கால் வருசம் நீ என்ன வாசல்ல நிறுத்துன, பாரு, பிள்ளை மறக்கல, தானா வருது பாருன்னு. கண்ணு ரெண்டும் கலங்கிப் போச்சு எனக்கு. கனி என் மொகத்தப் பாக்கல. பிள்ளையத்தான் பாத்துட்டு இருந்தா.

பிள்ளை ரெண்டு கையையும் தன் முழங்காலுக்கு நடுவுல விட்டு இறுக்கி வச்சுக்கிச்சு. பாதத்த ஒண்ணு மேல ஒண்ணு போட்டுக்கிச்சு. அப்புறம் தலையக் குனிஞ்சுச்சு. நல்லாக் குனிஞ்சுச்சு, பிடரி தெரியுற அளவுக்கு. முடி எல்லாம் முன்னால விழுந்து மொகத்த மூடிருச்சு.

"நானே குனிஞ்சுக்கிட்டேன் மாமா. நீ பிடிக்க வேணாம்"னுச்சு.

தம்பி, என் ரெண்டு கையையும் எங்க வைக்கிறதுன்னு எனக்குத் தெரியல. தூக்கியே வச்சிருந்தேன். யாரோ துப்பாக்கியக் காட்டுன மாதிரி ரெண்டு கையையும் மேல தூக்கிக்கிட்டு உக்காந்துருக்கேன். பிள்ளை முதுகு நடுங்குது, என் மடிக்குத் தெரியுது. இன்னைக்கு ஒண்ணும் இல்ல தாயி, முடி எடுக்க வரலன்னு சொல்லணும். வாய் வரல. இந்தத் தொண்டைய வச்சு இருபத்தெட்டு வருசமா மைக் டெஸ்டிங் சொல்றேன், ஒரு வார்த்தை வரல. செத்துட்டேன் தம்பி, அந்த நாற்காலியிலயே.

கனி வாயில முந்தானைய வச்சுக்கிட்டு நிக்கா. பிள்ளை குனிஞ்ச தலை நிமிராம, மெதுவாக் கேட்டுச்சு.

"முடிஞ்சிருச்சா மாமா?"

"முடிஞ்சிருச்சு தாயி"ன்னேன்.

எந்திரிச்சுச்சு. ஓடுச்சு. நாற்காலி காலு, மேசை, கதவு நிலை, ஒண்ணுலயும் இடிக்காம, விழாம ஓடுச்சு தம்பி. அது அப்படி ஓடி நான் பாத்ததே இல்ல.